மாத்திரைக் கவரில் வந்த செய்தி

ஒரு மெடிக்கல் ஷாப்பில் இன்றைக்கு எந்த மருந்து ஓடும், எது தூங்கும் என்பதை முடிவு செய்வது டாக்டர் இல்லை. காலைப் பேப்பரில் மருத்துவச் செய்தி எழுதுகிற, பெயர் போட்டுக்கொள்ளாத அந்தப் புண்ணியவான்தான். கவுன்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கிய என் இனத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவர் வெந்தயத்தைப் புகழ்ந்து எழுதினால், பத்து மணிக்குள் நாலு பேர் வந்து சுகர் மாத்திரையைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்பார்கள். நாமும் சிரித்த முகமாக இல்லை என்போம்.

நான் விமலா. வேலூர்ப் பக்கம் டி.பார்ம் படித்துவிட்டு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி பெங்களூர் லிங்கராஜபுரத்துக்கு வந்தவள். வந்த வருஷமே நாகராஜப்பாவின் கடையில் சேர்ந்தேன். அவர் கன்னடக்காரர், தமிழும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் பேசுவார். அவர் மனைவி சாவித்ரம்மா வீட்டில் பழைய பேப்பரை வெட்டிப் பசை போட்டு ஒட்டி மாத்திரைக் கவர் செய்து அனுப்புவார். ஸ்ட்ரிப்பிலிருந்து வெட்டிய மாத்திரையை அதில் போட்டு, மேலே பேனாவால் "காலை 1, இரவு 1" என்று எழுதிக் கொடுப்பது என் வேலை.

இன்னொரு வேலையும் இருந்தது, சம்பளத்தில் சேராதது. அதன் பெயர் டேவிட் அங்கிள். பின் தெருவில், பெங்களூர்ப் பேச்சில் பின் கிராஸில், வீடு. அரசாங்கத் தொழிற்சாலையில் லேத் ஓட்டி ரிடையர் ஆனவர். தினமும் காலையில் ஒரு பி.பி. மாத்திரை, ஆயுசுக்கும். அவருடைய அண்ணன் இதே மாதிரி மாத்திரையை இஷ்டத்துக்கு நிறுத்தி, ஒரு கையும் காலும் விழுந்து படுக்கையில் கிடந்தவர். நிறுத்தினால் உனக்கும் அதே கதி என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் அங்கிளுக்குப் பேப்பர் படிக்கிற வழக்கம் உண்டு. அவர் அந்த ஒரு மாத்திரையை நிறுத்தாமல் பார்த்துக்கொள்வதில் என் பாதி உயிர் போனது.

பூண்டு வந்த வாரம்

"ஏம்மா விமலா, இனிமே மாத்திரை வேணாம். பூண்டு போதும். வெளிநாட்டுல கண்டுபிடிச்சிருக்கான்" என்று ஒரு நாள் பேப்பரை விரித்துக் கவுன்டரில் வைத்தார். நான் முழுவதும் படித்தேன். பூண்டு நல்லது என்று இருந்தது. மாத்திரையை விடு என்று எங்கும் இல்லை. "பூண்டும் சாப்பிடுங்க அங்கிள், மாத்திரையும் போடுங்க. ரெண்டும் சண்டை போட்டுக்காது" என்று ஸ்ட்ரிப்பைக் கையில் திணித்தேன்.

சொன்னதைச் செய்தார். பச்சைப் பூண்டு, காலையும் மாலையும், மென்று. அடுத்த வாரம் அவர் மனைவி மேரி ஆன்ட்டி இருமல் மருந்து வாங்க வந்தார். அங்கிளுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"பி.பி. எப்படின்னு தெரியலம்மா. சர்ச்சுல ஒரு பெஞ்சு முழுக்க இப்ப எங்க ரெண்டு பேருக்குத்தான்."

இரண்டு ஆடு

ஒரு ஆட்டிலிருந்து அதே மாதிரி இன்னொரு ஆட்டை விஞ்ஞானிகள் உண்டாக்கிவிட்டார்கள் என்று பேப்பரில் போட்டோவோடு வந்த அன்று, எங்கள் வரிசையில் கறிக்கடை வைத்திருந்த பாஷா பாய் வாயுத் தொல்லைக்கு மருந்து வாங்க வந்தார். போட்டோவை வெகுநேரம் பார்த்தார். தொழில்முறைப் பார்வை; எத்தனை கிலோ தேறும் என்று யோசிக்கிறார் என்று நினைத்தேன்.

இனி உங்களுக்கு நல்லதுதானே பாய், ஒரு நல்ல ஆடு கிடைத்தால் போதும் என்றேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"க்யா சிஸ்டர், ஆட்டுக்கு என்ன பஞ்சம்? வாய பேசாம கறி வாங்கிட்டுப் போற கஸ்டமர் எனக்கு ஒரே ஒருத்தர் இருக்கார், முதல்ல அவர காப்பி எடுக்கச் சொல்லுங்க."

நூறு வருஷத்துப் பழைய மாத்திரை

இரண்டாயிரம் பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் எல்லாம் குழம்பி, வருஷத்தை ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று நினைத்துக்கொள்ளும் என்ற பயம் ஊரெல்லாம் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஆகாய விமானம் விழும், லிஃப்ட் நிற்கும் என்றெல்லாம் எழுதினார்கள். டேவிட் அங்கிள் அவ்வளவு தூரம் போகவில்லை. மாத்திரை ஸ்ட்ரிப்பைத் திருப்பிப் பார்த்தார். காலாவதி ஆகும் வருஷம் வெறும் இரண்டு பூஜ்யமாக அச்சாகியிருந்தது.

"இது நூறு வருஷத்துக்கு முன்னாடியே கெட்டுப்போன மாத்திரைம்மா" என்றார். மாத்திரைக்குள் கம்ப்யூட்டர் இல்லை அங்கிள் என்றேன். தேதி போட்டது கம்ப்யூட்டர்தானே என்றார். அன்று காலை மாத்திரை போடவில்லை என்பதும் தெரிந்தது. ஸ்ட்ரிப்பில் நாம் எதையும் எழுதக் கூடாது. அதனால் கவரின் மேல் பெரிதாக "2000 வரை நல்லது" என்று எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அங்கேயே தண்ணீர் வாங்கி ஒன்றை விழுங்கினார்.

"இப்ப சரி. கவர்ல எழுதிட்டா அப்புறம் பேச்சே இல்ல."

அந்த வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

நெட்டில் வந்த நோய்

கடை மாடியில் ஈரோட்டிலிருந்து வந்த கார்த்திக் என்ற சாஃப்ட்வேர் பையன் குடியிருந்தான். நல்ல பிள்ளை, ஆனால் பேப்பரை நம்ப மாட்டான், நெட்டைத்தான் நம்புவான். ஒரு வாரமாகத் தலைவலி என்று பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடி, ஒரு கத்தை அச்செடுத்துக்கொண்டு வந்தான். முகம் வெளுத்திருந்தது. மூளையில் வரக்கூடிய எல்லாமே தனக்கு வந்திருப்பதாக முடிவு செய்திருந்தான். ஊரில் அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று என்னிடம் கேட்டான்.

நீ ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிறாய் என்று கேட்டேன். ஆபீஸிலா, ஆபீஸ் விட்டு வந்த பிறகா என்று திருப்பிக் கேட்டான். முதலில் கண் டாக்டரிடம் போ, அம்மாவிடம் அப்புறம் சொல்லலாம் என்று அனுப்பினேன். நாலைந்து நாளில் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து நின்றான். தலைவலியும் இல்லை, மூளை நோயும் இல்லை.

"அக்கா, தலைவலிக்கு அத்தனை காரணம் போட்டிருந்தான், அதுல நெட் பாக்கறத மட்டும் போடல."

தானே உறுமும் மெஷின்

நாகராஜப்பா எங்கிருந்தோ ஒரு டிஜிட்டல் பி.பி. மெஷின் வாங்கி வந்தார். பட்டையைச் சுற்றிப் பட்டனை அமுக்கினால் போதும். தானே உறுமும், தானே நிற்கும், தானே நம்பர் காட்டும். பழைய பாதரச மெஷினைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டோம்.

டேவிட் அங்கிள் கையை நீட்டினார். மெஷின் உறுமியது, நம்பர் வந்தது. அவர் கையை எடுக்கவே இல்லை. முடிந்தது அங்கிள் என்றேன். நம்பவில்லை. பழையதைக் கொண்டு வரச் சொன்னார். காற்றடித்து, ஸ்டெத் வைத்து, அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, மெதுவாகக் காற்றை விட்டேன். அதே நம்பர்தான். அப்போதுதான் சட்டைக் கையை இறக்கிவிட்டார்.

"அது சொன்னா நம்பரும்மா. நீ உதட்டக் கடிச்சாத்தான் எனக்கு பி.பி."

கவர் சொன்ன செய்தி

இதுவரை சொன்னதெல்லாம் சிரிப்பு. இது சிரிப்பு இல்லை.

ஒரு மத்தியானம் மேரி ஆன்ட்டி அங்கிளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். அங்கிளுக்குத் தலை சுற்றல். ஸ்டூலில் உட்கார வைத்துப் பழைய மெஷினை எடுத்தேன். பாதரசம் உச்சியில் நிற்கும்போதே காதில் துடிப்பு கேட்டது. நான் உதட்டைக் கடிக்காமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். மாத்திரை போடுகிறீர்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். அண்ணன் படுத்த படுக்கைதான் என் கண் முன்னால் வந்தது.

நாகராஜப்பா ஆட்டோ கூப்பிட ஓடினார். அந்த நேரத்தில் அங்கிள் சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினார். எங்கள் கடைக் கவர்தான். அதன் முகப்பில், ஒரு மாத்திரையால் இதயத்துக்குக் கெடுதல் என்று வெளிநாட்டில் அதைத் தடை செய்துவிட்டதாகச் செய்தி. மாத்திரையின் பெயர் தெரியவில்லை. அந்த வரி மடிப்புக்குள் பசையோடு ஒட்டியிருந்தது. "உள்ள இருக்கிற மாத்திரையப் பத்தித்தானம்மா வெளிய போட்டிருக்கும்?" என்றார். சீனி டப்பா மேல் சீனி என்று எழுதியிருப்பது போல என்று நினைத்துவிட்டார் மனிதர். அந்தக் கவர் கைக்கு வந்த அன்றிலிருந்தே நிறுத்தியிருக்கிறார். எங்கள் கடைக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்று வெளியே சொல்லவும் இல்லை.

விரலைத் தண்ணீரில் நனைத்து, கவரின் ஓரத்தைத் தடவி, மெல்லப் பிரித்தேன். உள்ளே மீதிச் செய்தி இருந்தது. அது உடம்பு இளைக்கச் சாப்பிடும் ஏதோ மாத்திரை. அங்கிளின் மாத்திரைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவர் அதை இரண்டு முறை படித்தார். ஆட்டோ வந்து நின்றது. ஏற்றி உட்கார வைத்தபோது மேரி ஆன்ட்டி என் பக்கம் திரும்பினார்.

"முப்பது வருஷமா நான் சொன்னத ஒரு நாள் நம்புனதில்ல விமலா. பசை போட்டு ஒட்டுன பேப்பர நம்பியிருக்காரு பாரு."

ஸ்டீல் ஸ்கேல்

கடவுள் கண் திறந்தார். ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். கையும் காலும் நன்றாக இருந்தன. நடந்தே கடைக்கு வந்து, என் முன்னால் மாத்திரையைப் போட்டுக் காட்டினார். நான் உள்ளே போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

நாகராஜப்பா பயந்துபோயிருந்தார். "ஆயித்து, இனி பேப்பர் கவர் பேடவே பேடா, வேணவே வேணாம், பிளாஸ்டிக் வாங்கிடலாம்" என்றார். அங்கிள் ஒத்துக்கொள்ளவில்லை. தப்பு பேப்பரில் இல்லை, வெட்டினதில் என்றார். மறுநாளே ஸ்டீல் ஸ்கேலும் கத்தரிக்கோலுமாகச் சாவித்ரம்மா வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டார். ஒரு செய்தி தொடங்கினால் அதே பக்கத்தில் முடிய வேண்டும். மடிப்புக்குள் ஒரு எழுத்து போகக் கூடாது. கன்னடப் பேப்பர் என்றால் சாவித்ரம்மா படித்துப் பார்த்து, முடிந்துவிட்டது என்று சொன்ன பிறகுதான் கத்தரிக்கோல். லேத்தில் இரும்பு கடைந்த கை. ஒவ்வொரு கவரும் அளவெடுத்தது போல வந்தது. ஜனங்கள் மாத்திரையை வாங்கிக்கொண்டு, கடை வாசலிலேயே நின்று கவரைப் படிக்க ஆரம்பித்தார்கள். நாகராஜப்பா கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"நோடி விமலா, பாரும்மா, வாங்கறவங்கள விட படிக்கறவங்க ஜாஸ்தி ஆயிட்டாங்க, ஒரு பெஞ்ச் போட்டுடலாமா?"

எனக்கு வந்த கவர்

அடுத்த கோடையில் நான் இளைத்தேன். எல்லோரும் பாராட்டினார்கள், எனக்கும் பெருமைதான். தண்ணீர் பாட்டிலை நிரப்பி நிரப்பிக் குடித்தேன். வெயில் என்று நினைத்தேன். டேவிட் அங்கிள் மட்டும் பாராட்டவில்லை. "ஏம்மா, இவ்வளவு தண்ணி குடிக்கிறியே, சுகர் பாரேன். பேப்பர்ல போட்டிருக்கு" என்று தினமும் நச்சரித்தார். பேப்பரில் போட்டிருக்கு என்ற வார்த்தையைக் கேட்டதும் என் காது தானாக மூடிக்கொள்ளும். கடைசியில் மேரி ஆன்ட்டியையும் கூட்டிவந்தார்; இருவரும் எனக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். லேப்புக்குப் போனேன். சுகர். நல்ல சமயத்தில் வந்தீர்கள் என்றார் டாக்டர்.

ஊருக்கெல்லாம் மாத்திரை எடுத்துக் கொடுத்த எனக்கு, என் மாத்திரையை எடுக்கக் கை வரவில்லை. வெந்தயம் போதுமோ என்று நானே நினைத்தேன், சிரிக்காதீர்கள். ஸ்ட்ரிப் டிராயரிலேயே கிடந்தது. அங்கிள் அதைப் பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் ஒரு கவர் கொண்டு வந்தார். பேப்பரில் செய்தது இல்லை. காலண்டர் தாளின் வெள்ளைப் பின்பக்கம். முன்னும் பின்னும் ஒரு எழுத்து அச்சில்லை. அவர் கையால் மட்டும் "காலை 1, தினமும்" என்று எழுதியிருந்தது.

"உனக்குன்னு தனியா செஞ்சேம்மா, இதுல ஒரு செய்தியும் கிடையாது, எதப் படிச்சும் நீ நிறுத்த முடியாது."

பேப்பரை நம்பாதீர்கள் என்று இத்தனை வருஷம் தொண்டை வற்றக் கத்திய நான், மாத்திரைக் கவரில் ஒருவர் கையால் எழுதிய ஒரே ஒரு வரியை நம்பித்தான் இன்றுவரை நன்றாக இருக்கிறேன்.