மூன்றாம் நாள் சலாம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை நான் சொல்லவில்லை, எங்கள் ஊரே சொல்லும். உம்மா சொல்வா, மனைவி சொல்வா, மூன்று றெபரிமார் எழுத்திலும் கொடுத்திருக்கிறார்கள். உதைபந்தாட்டத்தில் கோலுக்கு முன்னால், பின்வரிசையில் ஸ்டொப்பராக நிற்பவனுக்கு வாய் இல்லாவிட்டால் அணி உருப்படாது என்பதுதான் அன்றைக்கும் என் கட்சி. இன்றைக்கும் அதுதான். ஆனால் அந்த வாயால் ஒரு அணியைப் பதினொரு கிழமை, இரண்டரை மாதம், இரண்டாகப் பிளந்து வைத்திருந்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

யுத்தம் முடிந்த அடுத்த வருடம். கல்முனையில் எங்கள் கழகம் முதல் தடவையாக விளையாட்டுக்காரர்களுக்கு மாதச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியிருந்தது. சம்பளம் வந்தாலும் உடுப்பு மாற்ற அறை வரவில்லை. சுனாமிக்குப் பிறகு நிவாரணச் சாமான் ஏற்றி வந்த ஒரு கொண்டெய்னர், திருப்பிக் கொண்டுபோக ஆளில்லாமல், மைதானத்தின் ஓரத்தில் கிடந்தது. அதுதான் எங்கள் அறை. பின்னேரம் மூன்று மணிக்கு உள்ளே போனால் அவிந்து போவோம். பதினெட்டுப் பேர், ஒரே ஒரு கதவு. அதற்குள் இரண்டு பேர் கோபித்துக்கொண்டால் மற்றப் பதினாறு பேருக்கும் மூச்சு முட்டும்.

அந்த இரண்டு பேர் நானும் எங்கள் கோல் கீப்பரும்தான்.

அவனும் நானும் ஒரே வகுப்பு. ஒரே ஒழுங்கையில் நாலு வீடு தள்ளிப் பெண்ணெடுத்து, ஒரே ஒழுங்கையில் வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்தவர்கள். நான் கத்துகிற ஆள் என்றால் அவன் உம்மென்று இருக்கிற ஆள். என் கத்தலை ஒரு மணித்தியாலத்தில் மறந்துவிடலாம். அவன் உம்மென்று இருந்தால் வீட்டுக் கூரையே இறங்கி வந்து தலையில் இருப்பதுபோல இருக்கும். சள்ளை பிடித்தவன். நான் மட்டும் திறமா என்று கேட்காதீர்கள்.

ஒரு போட்டியில் ஒன்றுமில்லாத ஒரு பந்து, சின்னப்பிள்ளை உருட்டிவிட்டது மாதிரி வந்தது. அவனுடைய கையில் பட்டு, நழுவி, கோலுக்குள் போய்விட்டது. தோற்றோம். கொண்டெய்னருக்குள் எல்லாரும் பூட்ஸ் கழற்றிக்கொண்டிருக்க, நான் கத்தினேன்.

"உன்ட கையில எதுடா இதுவரைக்கும் நிண்டிச்சி?"

சொல்லி முடிக்க முன்னமே எனக்கு விளங்கிவிட்டது. சுனாமியன்று அவன் எட்டு வயதுத் தங்கச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினவன். கரைக்கு வந்தபோது அவன் மட்டும்தான் வந்தான். ஊரில் இது தெரியாத ஒருத்தரும் இல்லை. அந்தப் பிள்ளையைத் தேடி ஐந்து நாள் அவனோடு அலைந்தவன் நான்.

யா அல்லாஹ், நான் பந்தைத்தான் சொன்னேன். ஆனால் வாயிலிருந்து வந்தது பந்து இல்லையே. அந்த நிமிடமே "பிழைச்சிட்டுடா, பொறுத்துக்க" என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொன்னேனா? இல்லை. "என்ன முறைச்சுப் பாக்காய்?" என்று கேட்டேன். அவன் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

அன்றோடு பேச்சு நின்றது. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. மூன்று நாளைக்கு மேல் ஒரு முஸ்லிம் இன்னொரு முஸ்லிமோடு பேசாமல் இருக்கக் கூடாது. அவன் தொழுகையில் சரியான பேணுதல். ஆகவே மூன்றாம் நாள் பின்னேரம், பயிற்சிக்கு வந்தவன், நேரே என் முன்னால் வந்து நின்று, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றான். நான் "வஅலைக்கும் ஸலாம்" என்றேன். கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, கிறுகி வந்த வழியே போய்விட்டான். அடுத்த மூன்று நாளைக்கு ஒரு சொல் இல்லை. மூன்றாம் நாள் திரும்பவும் வந்தான். சலாம் சொன்னான். போனான்.

ஹராமும் இல்லை, சமாதானமும் இல்லை! எனக்கு உள்ளுக்குள் சிரிப்புத்தான் வந்தது. இப்படி ஒரு வழி எனக்குத் தோன்றவில்லையே என்று கொஞ்சம் பொறாமையும் வந்தது.

கொண்டெய்னரும் மெல்ல மெல்ல இரண்டாகியது. கதவுப் பக்கம் அவன் ஆட்கள், உள்பக்கம் என் ஆட்கள். காற்று வருகிற பக்கத்தை அவன் பிடித்துக்கொண்டான் என்பதில் எனக்குத் தனிக் கோபம். லெஃப்ட் விங்கில் விளையாடுகிறவன்தான் தபால்காரன். "கோணர் கிக் வந்தா முதல் போஸ்ட்டுக்கு வரச் சொல்லு" என்று நான் அவனிடம் சொல்வேன். அவன் நாலடி நடந்துபோய்ச் சொல்வான். "அவர்ட வேலய அவரப் பாக்கச் சொல்லு" என்று மறுமொழி நாலடி நடந்து வரும். எனக்கு "அவர்" என்ற மரியாதை கிடைத்தது அந்தக் காலத்தில்தான். ஒருநாள் தபால்காரனுக்குக் கால் சுளுக்கிவிட்டது. அன்றைக்கு இரண்டு கோல் வாங்கினோம்.

மைதானத்தில் இது பகிடி இல்லை. உயரப் பந்து வந்தால் கீப்பர் "எனக்கு!" என்று கத்த வேண்டும், ஸ்டொப்பர் விலக வேண்டும். அவன் கத்த மாட்டான். கத்தினால் என்னோடு கதைத்ததாகிவிடுமே! நானும் கேட்க மாட்டேன். ஒரு போட்டியில் இரண்டு பேரும் ஒரே பந்துக்குப் பாய்ந்து, தலையும் தலையும் மோதி விழுந்து கிடக்க, எதிரணிக்காரன் எங்களைக் கடந்து நடந்துபோய்க் கோல் போட்டான். நடந்து! இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் வீக்கம்.

எங்கள் கோச் காரைதீவுத் தமிழர், கணக்குப் படிப்பிக்கிற சேர். மூன்று நாளைக்கு ஒருக்கா நாங்கள் முகம் பார்ப்பதும் பிறகு விறைப்பதுமாக இருப்பதைப் பார்த்து, "இதென்னடா, மலேரியா முறைக்காய்ச்சல் மாதிரி?" என்று கேட்டார். லெஃப்ட் விங் வெட்கமில்லாமல் விளக்கம் கொடுத்தான். சேர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். "கடவுளுக்கே ஒஃப்சைட் ட்ரெப் போடுறீங்களேடா!" என்றார்.

கடைசிப் போட்டி வந்தது. அக்கரைப்பற்று அணியோடு. வென்றால் மேல் பிரிவுக்குப் போகலாம். ஆனால் என் கவலை அது இல்லை. கீப்பருக்குக் கட்டார் விசா வந்துவிட்டது. போட்டி முடிந்து மூன்றாம் நாள் அவன் பறக்கிறான். எப்போது வருவானோ, இரண்டு பேரில் யார் மௌத்தாகி மண்ணுக்குள் போவோமோ, யாருக்குத் தெரியும்? நான் "பொறுத்துக்க" என்று கேட்காமல் அவன் விமானம் ஏறினால், அந்தச் சொல் கபுறு வரைக்கும் என்னோடு வரும். இரவெல்லாம் வசனம் கட்டிப் பார்ப்பேன். காலையில் அவன் முகத்தைக் கண்டதும் என் நாக்கு உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். ஊருக்கெல்லாம் நீளமான வாய், அவனுக்கு முன்னால் மட்டும் கட்டை.

ஒன்றுக்குப் பூச்சியம் என்று முன்னால் நிற்கிறோம். ஐந்து நிமிடம் இருக்கிறது. உயரத்தில் ஒரு பந்து வருகிறது. நான் கோலைப் பார்த்து ஓடுகிறேன், என் தோளோடு அவர்களின் ஃபோர்வர்ட் ஓடுகிறான், முன்னால் இருந்து கீப்பர் பாய்ந்து வருகிறான். அவன் வாய் திறக்கிறது, மூடுகிறது. போச்சு, திரும்பவும் வீக்கம்தான் என்று நினைத்தேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும்!" என்று கத்தினான்.

நான் சத்தியமாகச் சொல்கிறேன், என் கால் தன்பாட்டில் நின்றது. "வஅலைக்கும் ஸலாம்" என்றேன். பக்கத்தில் ஓடிவந்த அக்கரைப்பற்றுக்காரனும் நின்றான். அவனும் "வஅலைக்கும் ஸலாம்" என்றான்! சலாம் வந்தால் மறுமொழி சொல்லாமல் எவன் ஓடுவான்? கீப்பர் ஆறுதலாகப் பந்தைப் பிடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டான்.

பிறகு பெரிய சண்டை. "சலாம் சொல்லி ஏமாத்திட்டான்!" என்று அவர்கள் றெபரியைச் சுற்றிக்கொண்டார்கள். றெபரி அம்பாறையிலிருந்து வந்த சிங்கள மனிதர். என்ன சொன்னான் என்று கேட்டார். சமாதானம் உண்டாகட்டும் என்று சொன்னான் என்றார்கள். அதற்கு எப்படி ஐயா ஃபவுல் கொடுப்பது என்று அவர் கையை விரித்தார்.

வென்றோம். கொண்டெய்னர் தகரம் பிய்ந்துபோகிற அளவுக்குத் தட்டினார்கள். சேர் என் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனார். நான் பாராட்டு எதிர்பார்த்தேன்.

"இந்தப் பதினொரு கிழமையில அவன் உனக்கு இருபத்தஞ்சு தரம் சலாம் சொல்லியிருக்கான். நான் எண்ணினனான்" என்றார். "நீ ஒருக்காச் சரி முதல்ல சொன்னியா? மறுமொழி மட்டுந்தானேடா சொன்னாய்?"

நான் அவன் தந்திரம் செய்கிறான் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் மூன்று நாளைக்கு ஒருக்கா என் முன்னால் வந்து நின்றிருக்கிறான். அவ்வளவு தரமும் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போயிருக்கிறான். எதற்கு நின்றான் என்று இந்த மரமண்டைக்கு விளங்கவில்லை.

அவன் தண்ணீர்ப் பைப்படியில் குந்தியிருந்து கையுறை கழுவிக்கொண்டிருந்தான். நான் போய்ச் சலாம் சொன்னேன். முகத்தை நிமிர்த்திப் பார்த்தான்.

"வஅலைக்கும் ஸலாம். என்ன, இண்டைக்கு உன்ட முறையா?"

எனக்குச் சிரிக்க வரவில்லை. "அண்டைக்கு நான் கேட்டது... பொறுத்துக்க மச்சான்" என்றேன். கட்டி வைத்த வசனம் ஒன்றும் வரவில்லை. பக்கத்தில் குந்திவிட்டேன்.

அவன் கையுறையைப் பிழிந்தான். கனநேரம் பிழிந்தான்.

"அந்தக் கேள்விய நீ ஒருக்காத்தான்டா கேட்டாய்" என்றான். "நான் என்னட்டயே ஒவ்வொரு நாளும் கேட்டுட்டு இருக்கன்."

வெட்கமில்லாமல் அழுதேன், மூக்கெல்லாம் ஒழுக. அவன் அழவில்லை. ஈரக் கையால் என் தோளைப் பிடித்துத் தூக்கினான்.

"பொறுத்திட்டன், ஒழும்பு. மஃரிபு தொழுகைக்கு நேரமாகுது."