கப்பி குட்டி போட்ட வீடு

கப்பி மீன் லேசில் சாகாது என்று சொல்லித்தான் கடைக்காரர் கொடுத்தார். "சட்டியில விட்டாலும் கெடந்து பெருகும்மா. ரெண்டு மாசத்துல வச்சிக்க எடம் இருக்காது பாருங்க." எங்கள் வீட்டில் முதல் வாரத்திலேயே மூன்று செத்தன.

மீன்தொட்டி என் கணவருக்காக வாங்கியது. கல்ஃபில் வேலை செய்த இடத்தில் சாரத்திலிருந்து விழுந்து, முதுகில் ஆபரேஷன் முடிந்து வீட்டோடு வந்துவிட்டார். பெரும்பாலும் படுக்கைதான். ஒரு மனிதர் எத்தனை நாள்தான் ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்? கட்டிலுக்கு எதிரே மேசை போட்டு இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டியை வைத்தேன். ஆண் நான்கு, பெண் எட்டு. ஆண் மீன்களின் வால் பட்டுச் சேலை முந்தானை போல விரிந்து மடங்கியது. அதைப் பார்த்து அவர் சிரித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அந்த முகத்தில் சிரிப்பை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மூன்றாவது மீன் செத்து மிதந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து அடுத்த வீட்டு அக்கா அவரைப் பார்க்க வந்தார். சபையில் பெண்கள் கூட்டத்தை நடத்துகிறவர். தொட்டி முன்னால் நின்று கன்னத்தில் கை வைத்தார்.

"என்ன மக்கா, கப்பி குட்டி போடாத வீடும் உண்டுமா? ஒன் வீட்டுல அதுகூட தங்க மாட்டங்குதே!"

விளையாட்டாகத்தான் சொன்னார். கெட்ட மனுஷி இல்லை. ஆனால் எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம், பிள்ளை இல்லை. கல்யாணமான மூன்றாம் வருடம் இரண்டு பேரும் டெஸ்ட் எடுத்தோம். குறை என் கணவரிடம் இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். வெளியே சொல்லாதே என்று அவர் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்லாமல் இருந்தேன். அவரும் சொல்லவில்லை. சபையின் ஜெபக் குறிப்பில் என் பெயர் ஏறியது. 'கர்ப்பத்தின் கனி இல்லாத சகோதரிக்காக' என்று அக்கா வாசிப்பார். பெண்கள் எல்லாரும் முழங்காலில் நின்று கண்ணீரோடு ஜெபிப்பார்கள். என்னிடம் இல்லாத குறைக்கு நானும் ஆமென் சொல்வேன். நாற்பது வயதான அன்று நேரே போய் என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன்.

இப்போது மீனுக்கும் அதே பேச்சா? எனக்குச் சுருக்கென்று ஏறியது. இந்த வீட்டில் கப்பி குட்டி போடும், போட வைக்காமல் விடமாட்டேன் என்று அன்றைக்கே தீர்மானித்தேன்.

குற்றவாளி யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்த ஊர்த் தண்ணீர்தான். நான் பிறந்தது திற்பரப்புப் பக்கம். அங்கே தண்ணீரை வெள்ளம் என்போம். கோதையாற்று வெள்ளத்தில் குளித்தும் குடித்தும் வளர்ந்தவளைக் கொட்டாரம் ஊருக்கும் கடலுக்கும் நடுவில் கட்டிக்கொடுத்தார்கள். எங்கள் கிணற்றில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. பாத்திரத்தில் வெள்ளை படியும். வந்த நாளிலிருந்து அந்தக் கிணற்றை நான் திட்டாத நாள் கிடையாது. முதலிலேயே மீனுக்குக் கிணற்றுத் தண்ணீர் விடாமல், நாங்கள் குடிக்க வாங்கும் கேன் தண்ணீரைத்தான் விட்டிருந்தேன். அந்தக் கேனும் இந்த ஊர்த் தண்ணீர்தானே என்று திற்பரப்பில் இருக்கும் அண்ணனுக்கு போன் போட்டேன். அவர் வாரம் ஒருமுறை ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு நாகர்கோவில் வருவார். மூன்று பெரிய கேன் நிறைய ஆற்று வெள்ளத்தை எங்கள் வாசலில் கொண்டுவந்து இறக்கினார்.

"மனுஷனுக்குன்னு நெனச்சேன். மீனுக்கா வெள்ளம்? நல்ல கூத்து!" என்று தலையில் அடித்துக்கொண்டு போனார்.

தொட்டியை மொத்தமாகக் காலி செய்தேன். கல்லைத் தேய்த்தேன், ஃபில்டர் பஞ்சை வெள்ளை வெளேரென்று ஆகும்வரை குழாயடியில் பிழிந்தேன். ஆற்று வெள்ளத்தை நிரப்பினேன். கண்ணாடி பளபளத்தது. இனி எப்படிச் சாவாய், பார்க்கலாம் என்று மீனிடமே சொன்னேன்.

செத்தது. இரண்டு நாளில் ஒன்று, நான்காம் நாள் இன்னொன்று. மற்றவை வாலை விரிக்காமல் ஒட்டவைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே நடுங்கின. நான் விடவில்லை. வாரா வாரம் கழுவினேன், வாரா வாரம் ஆற்று வெள்ளம். கடைசியில் ஆறு மீன்கள்தான் மிஞ்சின. அதில் இரண்டு பெண் மீன்கள் தரையோடு கிடந்து இரைத்தன.

"போதும்ட்டி," என்றார் அவர். "எல்லாத்தயும் எடுத்து எங்கயாவது விட்டுரு. பாக்க முடியல."

அவர் கண் முன்னால் இன்னொன்று சாக வேண்டாம் என்று அந்த இரண்டையும் மட்டும் கோப்பையில் அள்ளி, துவைக்கிற கல் பக்கத்தில் இருக்கும் சிமென்டு தொட்டியில் விட்டேன். மோட்டார் போட்டு நிரப்பிய அதே கிணற்றுத் தண்ணீர். மறுநாள் பிணத்தை எடுக்கப் போனபோது தொட்டியடி நிழலில் ஒன்றும் தெரியவில்லை. காகம் கொண்டுபோயிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பத்து நாள் கழித்துப் போர்வை துவைக்க அந்தத் தொட்டியில் வாளியை முக்கினேன். இரண்டும் விர்ரென்று ஓடின. வால் விசிறியாக விரிந்திருந்தது, வயிறும் தேறியிருந்தது. தொட்டியில் எப்போதும் நெளியும் கொசுப்புழு ஒன்றுகூட இல்லை. ஈரக் கையோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அன்றுதான் போனில் ஒழுங்காகத் தேடி வாசித்தேன். கப்பிக்கு உப்பும் சுண்ணாம்பும் கலந்த கடினமான தண்ணீர்தான் வேண்டுமாம். கேன் தண்ணீரில் அதையெல்லாம் வடித்து எடுத்துவிடுகிறார்கள். ஆற்று வெள்ளத்தில் அது இருப்பதே கொஞ்சம். பஞ்சில் அழுக்கோடு வளரும் நுண்ணுயிர்தான் மீனின் கழிவைச் சுத்தம் செய்கிறதாம். அதையும் நான் வாரா வாரம் பிழிந்து கொன்றிருக்கிறேன். ஆறு மீன் என் சுத்தத்தால் செத்தது. வெட்கமாக இருந்தது. அவரிடம் போய் அப்படியே சொன்னேன்.

"நம்ம கிணறு பரவாயில்லயா அப்போ?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த இரண்டு வாரம் நான் செய்ததெல்லாம் ஒரே வேலை. காலையில் ஒரு செம்பு பழைய தண்ணீரை எடுப்பது, ஒரு செம்பு கிணற்றுத் தண்ணீரை மெதுவாக விடுவது. திடீரென்று மாற்றினால் இருக்கிற நான்கும் தாங்காதோ என்ற பயம். பஞ்சை, எடுத்த பழைய தண்ணீரிலேயே ஒரு முறை அலசி வைத்தேன். தீனி ஒரு சிட்டிகைக்கு மேல் போடவில்லை. தேய்க்கத் துடித்த கையை அடக்குவதுதான் பெரும்பாடு. குளத்திலிருந்து பாசி கொண்டுவந்து அலசி மிதக்கவிட்டேன், குட்டி பிறந்தால் ஒளிந்துகொள்ள. தாயே தின்றுவிடும் ஜாதி அது. வெளியே தேறிய இரண்டையும் கடைசியில் உள்ளே கொண்டுவந்தேன். ஒன்றுக்கு வயிறு பெட்டி போல உப்பி, வாலடியில் கறுப்பு ஏறியிருந்தது.

அவர்தான் முதலில் பார்த்தார். நான் அடுக்களையில் இருந்தேன்.

"ஏட்டி, ஓடி வா! கண்ணு மட்டும் நீந்துது, வந்து பாரு!"

பாசிக்குள் பதினேழு குட்டிகள் இருந்தன. தாயை வலையால் பிடித்து வேறு பாத்திரத்துக்கு மாற்றினேன். அவர் முதுகில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, கட்டிலைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தார். அவித்த முட்டையின் மஞ்சள் கருவைப் பொடித்துப் போடுவது அன்றிலிருந்து அவர் வேலையாயிற்று.

அக்காவை நானே கூப்பிட்டேன். வந்து பார்த்தார். கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்த விரலை எடுத்துக் கும்பிட்டார்.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே! பாத்தியா மக்கா, நாங்க அழுது ஜெபிச்சது வீணாப் போகல. ஒன் வயித்தத் தொறக்காட்டாலும் மீனுக்காவது எறங்குனாரே."

"ஜெபம் இல்லக்கா, உப்புத் தண்ணி," என்றேன். அவர் சிரித்துக்கொண்டே வாசலுக்குத் திரும்பினார்.

"அக்கா, ஒரு நிமிசம்." கட்டிலிலிருந்து என் கணவர். "குறை இவளுக்கு இல்ல. எனக்கு. கல்யாணமான மூணாம் வருசமே டாக்டர் சொல்லிட்டாரு. நீங்க ஜெபிக்க வேண்டியது எனக்கு. நான்தான் வாயத் தொறக்கல."

வாசல்வரை போன அக்கா திரும்பி வந்து கட்டிலருகே நின்றார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை வருடம் இந்த வாய் எங்கே போயிருந்தது? அத்தனை முழங்காலும் அத்தனை ஆமெனும் நெஞ்சில் வந்து முட்டின. அழக்கூடாது என்று தொட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுல, எல்லாருக்கும் முன்னால சொல்லுவியளா?" என்று கேட்டேன்.

அவர் பெல்ட்டை இறுக்கினார். "வண்டிக்குச் சொல்லு. வந்து சொல்லுகேன்."

அக்கா நின்றுகொண்டிருக்கும்போதே ஆட்டோக்காரருக்கு போன் போட்டேன்.