ரீத்தா அக்கா முடிக்காத வேன்

ரீத்தா அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி போனில் வந்தபோது, என் மகளின் பள்ளி வேன் எங்கள் தெருமுனையில் ரிவர்ஸ் வந்துகொண்டிருந்தது. பின்னால் யாருமே இல்லை. ஆனாலும் ஓட்டுநருக்குப் பக்கத்திலிருந்த பஸ்ஸர் விடாமல் அலறியது. அக்காவுக்கு நெஞ்சுவலியாம், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். அந்த வேனைச் சரிசெய்யத்தான் சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்.

வில்லியனூரில், பின்னால் ஆளோ சுவரோ இருந்தால் எச்சரிக்கும் ரிவர்ஸ் சென்சாரை வண்டிகளுக்குப் பொருத்தும் கடையில் இருவரும் ஒன்றாக வேலை பார்த்தோம். குழந்தை பிறந்ததும் நான் நின்றுவிட்டேன். அக்காவின் வாயை அறியாதவர்கள் இல்லை. ஓர் ஆயுத பூஜைக்கு மறுநாள், சென்சார் செத்துவிட்டது என்று திருக்கனூர் லோடு வண்டிக்காரர் சண்டைக்கு வந்தார். பம்பரிலிருந்த சென்சார்கள் மேல் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்திருந்தார். அக்கா துணியால் துடைத்துக்கொண்டே, "நெத்தியில வையிண்ணா. கண்ணுலயே அப்புனா அதுக்கு இன்னா தெரியும்?" என்றார்.

எங்கள் வேனின் கோளாறு வேறு. பாதுகாப்புக்கு என்று உரிமையாளர் பழைய சென்சார்களுக்கு நடுவிலேயே புதிதாக இன்னொரு செட்டையும் மாட்டியிருந்தார். கண் கூடினால் நல்லதுதானே என்பது அவர் கணக்கு. ஒவ்வொரு சென்சாரும் நம் காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பி, அதன் எதிரொலிக்குக் காத்திருக்கும். இரண்டு செட்டும் ஒன்றையொன்று அறியாமல் ஒலி எழுப்பினால், ஒன்றின் ஒலியை மற்றது தன் எதிரொலி என்று நினைத்துக்கொள்ளும். இல்லாத சுவருக்குப் பஸ்ஸர் அலறும்.

"கத்துறது பெருசில்லடி," என்றார் அக்கா, நான் போனில் சொன்னபோது. "ஓட்டுறவன் காது மரத்துப்பூடும். நெசமா ஒரு புள்ள நிக்கும்போது திரும்பிப் பாக்கமாட்டான்."

நான் கடையில் இருந்தபோதே வேறொரு வண்டியில் இதைத் தீர்த்திருக்கிறார். இரண்டு செட்டையும் இயக்கும் பெட்டிகளுக்கு நடுவே ஒரு ஒயர் இழுத்து, முதல் செட்டின் எதிரொலி அடங்கிய பிறகே அடுத்தது ஒலி எழுப்பும்படி முறை வைத்தார். சோதிக்கப் பலகையை நீட்டினேன். வாங்கி ஓரமாக வைத்துவிட்டார். பலகை ஒலியை நன்றாகத் திருப்பும், துணி விழுங்கிவிடும். சாக்கில் வைக்கோல் அடைத்து, யூனிஃபார்ம் சட்டை மாட்டி, ஒரு பிள்ளையின் உயரத்துக்குப் பம்பருக்குப் பின்னால் நிறுத்தினார். "புள்ளைங்க இன்னா பலகையா?" தானும் அதன் பக்கத்தில் குந்திக்கொண்டு வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னார்; பஸ்ஸர் கேட்டு வண்டி நின்ற பிறகுதான் எழுந்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள் வேன் சத்தமே இல்லாமல் பின்னால் வந்தது. யாரோ சரிசெய்துவிட்டார்கள் என்று ஒரு நொடி நிம்மதியானேன். ஓட்டுநரைக் கேட்டேன்.

"பஸ்ஸர் ஒயர புடுங்கிட்டேம்மா. ஒரே தலவலி."

உரிமையாளரிடம் பேசினேன். புதிய செட்டைக் கழற்றிவிட்டுப் பஸ்ஸர் ஒயரை மாட்டினாலே இப்போதைக்குப் போதும் என்றேன். வேறு ஆள் வரட்டும், பார்க்கலாம் என்கிறார்.

சத்தம் இல்லாததை நம்பாத அந்தப் பயம்தான் அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது. அதை விடமாட்டேன். வேன் ரிவர்ஸ் எடுப்பதிலிருந்து பிள்ளைகள் எல்லோரும் ஏறும்வரை அதற்குப் பின்னால் போய் நிற்கிறேன், ஓட்டுநர் முறைத்தாலும். ஆனால் எங்கள் தெருவில் மட்டும்தான் நான் நிற்க முடியும். இங்கிருந்து கிளம்பி அது அடுத்த தெருவிலும் ரிவர்ஸ் எடுக்கிறது. இதைப் படிக்கும் உங்களில் அக்காவை அறிந்தவர்கள் அங்கே இருக்கிறீர்கள். யாராவது வேனுக்குப் பின்னால் வந்து நில்லுங்கள்.