கீழே பார்க்காத வழிகாட்டி

கண்ணாடி அடிப் படகில் வழிகாட்டி வேலை என்றால், கடலுக்கு மேலே நின்றுகொண்டு கடலுக்கு அடியில் இருப்பதைப் பற்றி வாய் ஓயாமல் பேச வேண்டும், அவ்வளவுதான். பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போட்டு, எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு போகிறவர்களே, நீங்களெல்லாம் என் சொந்தபந்தம். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது; படகு ஆடினாலே வாந்திதான். விலங்கியல் படித்தபோது இதை யாரும் சொல்லித் தரவில்லை.

வேலையை விட்டால் சாத்தான்குளத்தில் அப்பாவின் பலசரக்குக் கடை. கல்லாவில் நாள் முழுக்க உட்கார வேண்டும். லீவு நாட்களில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்; எனக்கோ பத்து நிமிஷம் ஓரிடத்தில் இருந்தால் கால் துறுதுறுக்கும். "இந்த சீசன் முடியட்டும். சரிப்படலன்னா பேசாம கடைக்கு வந்துரணும்" என்று சொல்லித்தான் அப்பா அனுப்பினார். வாந்தி விஷயம் அவர் காதுக்குப் போனால் என் கதை முடிந்தது.

மூளைப் பவளம்

படகு ஓட்டுகிற திரேஸ்புரத்து எட்வின் அண்ணன் முதல் நாளே என் முகத்தைப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொண்டார். "ஏளா, கீழ பாக்காத. தூரத்துல அந்தத் தீவைப் பாத்துக்கிட்டே பேசு" என்றார். ஆடுகிற படகில் குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தால் குடலே வெளியே வந்துவிடும். அதனால் எந்த இடத்தில் எந்தப் பவளம் என்று மனப்பாடம் செய்துகொண்டு, தீவைப் பார்த்தபடியே ஒப்பித்தேன். கொஞ்ச நாள் ஜோராக ஓடியது.

ஒரு நாள் நீரோட்டம் படகைத் தள்ளிவிட்டது எனக்குத் தெரியாது. "இப்போது நீங்கள் பார்ப்பது மூளைப் பவளம். அதன் மடிப்புகளைக் கவனியுங்கள்" என்று கம்பீரமாகச் சொன்னேன். எல்லாரும் குனிந்து தேடினார்கள். கோவில்பட்டிக்காரர் ஒருவர் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேடம், இங்கன ஒத்தச் செருப்புதான் கெடக்கு."

கிளிமீன்

நம்ம ஊர்க்காரர்களுக்கு மீனைக் காட்டுவது இருக்கிறதே, பெரிய சோதனை. கிளிமீன் பவளத்தைக் கடித்துத் தின்று மணலாக வெளியே விடும், இந்தத் தீவு மணலில் அதன் பங்கும் உண்டு என்று உருகி உருகிச் சொல்லிக்கொண்டிருந்தேன். முத்தையாபுரத்து அக்கா ஒருவர் கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். அப்பாடா, ஓர் ஆளாவது கிடைத்தாரே என்று எனக்குப் புல்லரித்துவிட்டது. முடித்ததும் அவர் கேட்டார்: "பாவம், எம்புட்டு வேல பாக்கு! ஏன் பிள்ள, அதைக் குழம்பு வச்சா நல்லாருக்குமா, பொரிக்கணுமா?"

கடல்பசு

படகுத்துறை போர்டில் கடல்பசு படத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டார்கள். ஏறுகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். மதுரையிலிருந்து வந்த ஒருவர் சீட்டில் உட்காரவே இல்லை. இந்தப் பக்கம் நடப்பார், அந்தப் பக்கம் நடப்பார், படகும் அவர்கூடவே சாயும், என் வயிறும் சாயும். பொறுக்க முடியாமல், "உட்காருங்க சார், நானே இன்னும் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நீங்களும் டிக்கெட் எடுத்துத்தான் வந்தீங்களா?"

கடைசி வரிசை

கடலைக் கிளப்பிவிடும் கச்சான் காற்று லேசாகத் தொடங்கிய ஒரு காலையில் படகில் ஏறினால், கடைசி வரிசையில் அப்பா! சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்தார். இன்றைக்கு வாந்தி எடுத்தால் நாளைக்குக் கல்லாதான். பல்லைக் கடித்துக்கொண்டு, தீவை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஒப்பித்தேன்.

பாதி வழியில் எட்வின் அண்ணன், "ஆமை! ஆமை!" என்று கத்தினார். பாடப் புத்தகத்தில் படமாகப் பார்த்ததோடு சரி, உயிரோடு நான் ஆமையைப் பார்த்ததே இல்லை. அப்பா, வயிறு, கல்லா எல்லாம் மறந்து குனிந்துவிட்டேன். கண்ணாடிக்கு நேர் கீழே, ஓர் அவசரமும் இல்லாமல் அது நீந்திப் போனது. அடேயப்பா, அப்படி ஓர் அழகு! அடுத்த நொடி ஓரத்துக்கு ஓடி, அப்பா கண் முன்னாலேயே வாந்தி எடுத்து, வாயைத் துடைத்துக்கொண்டு, "இருக்கா? போயிருச்சா?" என்று சிரித்தபடி திரும்ப ஓடிவந்தேன்.

கரை வந்ததும் அப்பா எனக்கு முன்னால் இறங்கி நின்றார். நானும் இறங்கியதும், பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று நானே சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் சொன்னார்: "ஏளா, கல்லாவுல உக்காந்திருக்கையில நீ ஒரு நாளும் இப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. நீ இங்கனயே கெட, கடைக்கு நான் வேற ஆள் பாத்துக்கிடுதேன்."

கடலுக்கு இன்றுவரை என்னைப் பிடிக்கவில்லை, அதற்காக நான் போய்விடுவேன் என்று அது நினைத்தால் அது அதனுடைய பாடு.