முதல் சட்டை பழசாக இருக்கணுமாம்

ஆபீஸில் யாராவது முதல் பிள்ளை உண்டாகியிருந்தால் நேராக என் மேஜைக்கு வந்து நிற்கிறார்கள். "அக்கா, என்ன சாப்பிடணும், எப்படிப் படுக்கணும், சொல்லுங்கக்கா." எனக்கு எரிச்சல்தான் வரும். இடது பக்கம் படு, இரும்புச்சத்து மாத்திரையை ஒளித்து வைக்காமல் விழுங்கு, பால் சுரக்கவில்லை என்று முதல் வாரத்திலேயே ஒப்பாரி வைக்காதே. இதையெல்லாம் போனில் தட்டினால் ஆயிரம் பேர் சொல்வார்கள். நான் சொல்வது வேறு. ஊரிலிருந்து உதவிக்கு வருபவர் பெட்டியில் என்ன கொண்டு வருகிறார் என்று முதல் வேலையாகத் திறந்து பார், பிள்ளை உடம்பில் படும் துணி எங்கே கிடந்தது என்று கேள். "அவ்வளவுதானாக்கா?" என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

நாங்கள் அப்போது பூன் லேயில் வாடகை வீட்டில் இருந்தோம். அம்மா இல்லை, எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டாள். பிரசவம் பார்க்கக் கும்பகோணத்திலிருந்து அக்காதான் விமானமேறி வந்தாள். எங்கள் இருவருக்கும் வயதில் பெரிய இடைவெளி. சின்ன வயதில் எனக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் அவள்தான். அவள் வந்ததும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. வந்த அன்றே என் கணவரை லிட்டில் இந்தியாவுக்கு விரட்டிப் பூண்டும் பால்சுறாவும் வாங்கி வரச் சொன்னாள். அவர் வாங்கி வந்த பூண்டைப் பார்த்துவிட்டு, "இதைப் போய்க் காசு குடுத்து வாங்கினீங்களா?" என்று சிரித்தாள்.

பிள்ளைக்கு நான் ஒரு சட்டைகூட வாங்கி வைக்கவில்லை. அக்கா வாங்க விட்டால்தானே? வயிற்றில் இருக்கும்போதே துணி வாங்கினால் ஆகாது என்பாள். பிறந்த பிறகும் பேர் வைக்கிற நாள் வரைக்கும் புதுத்துணி கூடாது. நல்லபடியாக வளர்ந்த ஒரு பிள்ளையின் பழைய சட்டையைத்தான் போடணும். அதற்காகவே தன் மகனின் குட்டிச் சட்டைகளைப் பீரோவில் பத்திரமாக வைத்திருந்தாள். மகன் காலேஜ் முடித்து வேலைக்கும் போய்விட்டான். சட்டைகள் மட்டும் பழுப்பேறாமல், பூச்சி அரிக்காமல் அப்படியே இருந்தன. பொறாமைப்படுகிற அளவுக்கு மடித்துக் கொண்டு வந்திருந்தாள்.

ஆண் குழந்தை. பிறந்ததும் ரத்தம் சோதித்தார்கள். ரத்தத்தில் ஏதோ ஒரு பொருள் குறைவாம், இந்த ஊரில் எல்லாக் குழந்தைக்கும் பார்க்கிற சோதனைதானாம். பயப்பட ஒன்றுமில்லை, சில மருந்துகளும் சில பயறுகளும் ஆகாது, முக்கியமாகப் பூச்சி வராமல் துணிக்குள் போடுகிற அந்துருண்டை வீட்டிலேயே இருக்கக்கூடாது, அந்தக் காற்றுப் பட்டாலே ரத்தம் உடைந்து காமாலை ஏறிவிடும் என்று டாக்டர் சொன்னார். அக்காவிடம் சொன்னேன். பாவி, அவள் முகம் வெளுத்துவிட்டது. "என் பெட்டிக்குள்ள இருக்குதுடி!" என்று எனக்கு முன்னாலேயே வீட்டுக்கு ஓடினாள். பெட்டியைக் கவிழ்த்து உருண்டைகளைப் பொறுக்கிக் குப்பைக் குழியில் போட்டு, சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். நான் பிள்ளையோடு வாசலில் கால் வைத்ததும், "ஒண்ணுகூட விடல, நீ தைரியமா உள்ள வா" என்றாள்.

உருண்டை போய்விட்டது. சட்டைகள் இருந்தன.

இப்போது யாரிடம் சொன்னாலும், "அது எப்படித் தெரியாமப் போகும்?" என்று கேட்கிறார்கள். எப்படித் தெரியும்? எங்கள் வீட்டில் தீபாவளிப் பட்டுப்புடவை அந்த வாசனையில்தான் வெளியே வரும். விருந்தாளிக்கு எடுத்துப் போடும் போர்வையும் அதே வாசனைதான். எங்களுக்கு அதுதான் துவைத்து மடித்த சுத்தமான துணியின் வாசனை. விஷத்தின் வாசனை என்று மூக்குக்குத் தோன்றவே இல்லை. துவைத்து வெயிலில் போட்டிருந்தாலாவது தப்பித்திருப்போமோ என்னவோ. அந்த வாரம் முழுக்க விடாத மழை. ஜன்னலுக்கு வெளியே கம்பில் போட்டதெல்லாம் மறுபடி நனைந்தது. "துவைச்சுத்தானே மடிச்சேன், எதுக்கு ஈரம் பண்ணணும்?" என்றாள் அக்கா. எனக்கும் சரியென்றுதான் பட்டது.

பிள்ளையின் கண் மஞ்சளானது. வெயில் காட்டினால் சரியாகிவிடும் என்று அக்கா ஜன்னலருகே பிடித்துக்கொண்டு நின்றாள். வெயில் எங்கே இருந்தது? பிறகு பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தான். உள்ளங்காலைச் சுண்டினாலும் அழவில்லை. மூத்திரம் கோப்பி நிறத்தில் போனது. கிடைத்த டாக்சியில் ஏறி மருத்துவமனைக்கு ஓடினோம்.

அங்கே ஒரு சீனப் பெண் டாக்டர். பிள்ளை போட்டிருந்த சட்டையைக் கழற்றியவர், சட்டென்று அதை மூக்கருகே கொண்டுபோனார். என்னைப் பார்த்தார். இது எங்கே வைத்திருந்த துணி என்று ஆங்கிலத்தில் கேட்டார். அக்கா என் கையைப் பிடித்து, "என்னடி கேக்குறாங்க, என்னடி கேக்குறாங்க?" என்றாள். நான்தான் அவளுக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அடுக்கி அடுக்கி வைத்தாயே, அந்தச் சட்டைதான் காரணமாம் என்று சொன்னேன். கொஞ்சமும் மெதுவாகச் சொல்லவில்லை. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். யாரும் தூக்கவில்லை, நானும் தூக்கவில்லை.

பிள்ளையை நீல விளக்கின் கீழே கண்ணைக் கட்டிப் போட்டார்கள். அது போதாமல் உடம்பில் ஓடிய ரத்தத்தையே எடுத்துவிட்டு வேறு ரத்தம் ஏற்றினார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். ஆனால் காமாலை அவ்வளவு ஏறினால் காது நரம்பைப் பாதிக்கலாம், சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார்கள். அதன் பிறகு எங்கள் வீட்டில் அந்தக் காதுப் பேச்சு ஒன்றுதான். என் கணவர் அக்காவோடு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவள் தினமும் பஸ் பிடித்துச் சிராங்கூன் ரோடு கோயிலுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தாள். பிள்ளை வீட்டுக்கு வந்தும் அவள் தூக்கவில்லை. எனக்கு ரசம் வைத்துக் கொடுத்தாள், அவன் துணியைத் துவைத்தாள், தொட்டிலை விட்டு எட்டவே நின்றாள். எனக்கு அவள்மேல் கோபமா என்று கேட்டால், ஆமாம், கோபம்தான். இன்றைக்கும் இருக்கிறது, பொய் எதற்கு? அவளுக்கு ஒன்று ஆகிவிடுமோ என்ற பயமும் அதே அளவுக்கு இருந்தது.

விசா முடிந்து ஊருக்குக் கிளம்பினாள். ஏர்போர்ட்டில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "காது டெஸ்ட் முடிஞ்சதும் முதல்ல எனக்குச் சொல்லுடி. எதுவா இருந்தாலும் சொல்லு."

சோதனை முடிந்தது. இரண்டு காதும் போய்விட்டது. மெஷின் வைத்தாலும் பேச்சு எவ்வளவு பிடிபடும் என்று சொல்ல முடியாது என்றார்கள். வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதே அக்காவிடமிருந்து போன் வந்தது. கத்தித் தீர்த்துவிட வேண்டும் என்றுதான் எடுத்தேன். அந்தப் பக்கம் அவள் "ஹலோ" என்றுகூடச் சொல்லவில்லை, மூச்சுதான் கேட்டது. "நல்லாக் கேக்குதாம்க்கா" என்றேன். அவள் வாய்விட்டு அழுதாள். பக்கத்தில் இருந்த கணவர் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அக்கா வீடியோவில் வருகிறாள். அதற்கு முன்னால் அவன் காதிலிருந்து மெஷினைக் கழற்றி வைத்துவிடுவேன். இன்னும் பேசவில்லையே என்று கேட்பாள், ஆம்பளைப் பிள்ளை லேட்டாகத்தான் பேசும் என்று அவளே சமாதானமும் சொல்லிக்கொள்வாள். பிறகு, "தங்கம், பெரியம்மாவைப் பாரு, தங்கம்" என்று கூப்பிடுவாள். அவன் பொம்மையோடு விளையாடிக்கொண்டிருப்பான். நான் போனுக்குப் பின்னாலிருந்து கையை நீட்டி அவன் முழங்காலைத் தொடுவேன். அவன் நிமிர்ந்து பார்ப்பான்.

"பார்த்தியாடி," என்பாள் அக்கா, "என் குரல் கேட்டதும் எப்படித் திரும்புறான் பாரு."