நாலு சில்லும் நாலு தேசிக்காயும்

தை மாதத்தில் சுவிஸ் மலையூரான டாவோஸின் வீதிகள் எப்படி இருக்கும் என்பது யாழ்ப்பாணத்துச் சாத்திரியாருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. என் மனைவியின் அண்ணனுடைய ஒரே மகனுக்கு அவர் குறித்துக் கொடுத்த முகூர்த்தம் தையில் ஒரு சனிக்கிழமை முற்பகல். கோயில் பேர்ணில், பூம்ப்ளிஸ் பக்கம். மாப்பிள்ளையும் உறவினர்களும் என் மனைவியும் முதல் நாளே போய்விட்டார்கள். மச்சான் டாவோஸில் ஒரு ஹோட்டலில் சமையல்காரர். பனிச்சறுக்குக் காலத்தில் அவருக்குக் கிடைத்தது ஒருநாள் லீவு. தாலியை வேறு யாரிடமும் கொடுத்துவிட அவருக்கு மனமில்லை. ஆகவே தாலிக்கொடியும் கூறைச்சேலையும் கல்யாணத்தன்று காலையில்தான் அவருடைய ஜீப்பில் புறப்பட்டன. அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், பின்னால் இருந்தார், மடியில் பெட்டி. கூர் நகரிலிருந்து வந்திருந்த பத்திரிகைக்காரன் நான் முன்னால். மச்சானுடன் கதைத்துக்கொண்டு போவதுதான் என் வேலை.

ஜீப் பழையது. கியர்த் தடிக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டைத் தடி. அதை முன்னே தள்ளினால் முன்சில்லுகளும் பின்சில்லுகளும் ஒன்றாகப் பூட்டப்பட்டு நான்கும் இழுக்கும். எப்போது தள்ளக்கூடாது என்ற எச்சரிக்கை வெயில் மறைப்பில் ஒட்டியிருந்தது. மச்சான் அதன்மேல் பிள்ளையார் படத்தை ஒட்டியிருந்தார். பிள்ளையாரின் வயிற்றுக்குக் கீழே ‘காய்ந்த வீதியில்’ என்ற ஜெர்மன் சொற்கள் மட்டும் எட்டிப் பார்த்தன.

வீட்டு வாசலில் ஏற்றம் முழுவதும் பனிக்கட்டி. ஜீப் ஒருமுறைகூட வழுக்காமல் ஏறியது. மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பிரதான வீதி உப்புத் தூவிக் கறுப்பாகக் காய்ந்து கிடந்தது. முன்னே தள்ளியிருந்த குட்டைத் தடியை அவர் பின்னால் எடுக்கவில்லை. முதல் சுற்றுவட்டத்தில் ரயர்கள் கீச்சிட்டன. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல ஜீப் உதறியது.

“மச்சான், தார் காய்ஞ்சு கிடக்கு. அந்தத் தடியைப் பின்னாலை எடுங்கோ.”

“ஏன், உங்களுக்கு என்ன செய்யுது?”

“வளைவிலை முன்சில்லு கூடத் தூரம் ஓடவேணும். பின்சில்லோடை சேர்த்துப் பூட்டினா ஒண்டை ஒண்டு இழுக்கும். திருப்புறதும் கஷ்டம்.”

“இதை உங்கடை பேப்பரிலை எழுதுங்கோ, நான் வாசிக்கிறன். பனி முடியுமட்டும் நான் அதிலை கை வைக்கமாட்டன். கோயிலிலை பூசை செய்து நாலு சில்லுக்கும் நாலு தேசிக்காய் நசிச்சது. நாலும் இழுக்குது. பேந்தென்ன?”

“சமையலறையிலை அடுப்பையும் இப்பிடித்தான், தம்பி,” என்றார் பின்னாலிருந்து அக்கா. “மூட்டினா நிப்பாட்டத் தெரியாது.”

மூவரும் சிரித்தோம்.

வொல்ஃப்காங் கணவாயைத் தாண்டி குளோஸ்டர்ஸ் நோக்கி இறங்கும்போது வீதி காட்டுக்குள் நுழைகிறது. அங்கே காலையில் வெயில் விழாது. கறுப்பு நிறம் மாறவில்லை, மினுக்கம் மட்டும் கூடியது. வாசல் ஏற்றத்தில் ஏறிய நம்பிக்கையில் மச்சான் வேகத்தைக் குறைக்கவில்லை. நாலு சில்லும் இழுப்பது போவதற்கு. நிற்பதற்கு எந்தக் காருக்கும் நாலு சில்லுத்தான்.

வளைவு இடப்பக்கம் திரும்பியது. மச்சானும் இடப்பக்கம் திருப்பினார். ஜீப் நேரே போனது. அவர் பிரேக்கை அழுத்தினார். வேகம் அப்படியே இருந்தது, சத்தம் மட்டும் நின்றுவிட்டது. பனி வாரும் வண்டி ஒதுக்கிவிட்டுப் போன வெண்சுவர் எங்களை நோக்கி வந்தது. ஒவ்வொரு கட்டியையும் தனித்தனியாகப் பார்க்க எனக்கு நேரம் இருந்தது. செய்வதற்குத்தான் எதுவும் இருக்கவில்லை. அக்கா பெட்டியின்மேல் கவிழ்ந்தார்.

யாருக்கும் காயமில்லை. வலது முன்சில்லு பனிக்கு அடியிலிருந்த கல்லில் மோதி உள்ளே மடங்கியிருந்தது. மச்சான் குட்டைத் தடியை இப்போது பின்னால் எடுத்தார்.

இழுவை வண்டி வர வெகுநேரமானது. அன்று அந்த மலையில் வழுக்கியவர்கள் நாங்கள் மட்டுமல்ல. ஜீப்பை ஏற்றிக்கொண்டு எங்களைக் குளோஸ்டர்ஸ் நிலையத்தில் இறக்கிவிட்டார்கள். சூரிச்சில் பேர்ண் ரயிலில் ஏறியபோதே முகூர்த்தத்துக்குள் போய்ச்சேர முடியாது என்று மூவருக்கும் தெரியும். அந்த ரயில் இடையில் எங்கும் நிற்காது.

மாப்பிள்ளை தொலைபேசியில் வந்தான்.

“அப்பா, எங்கை நிக்கிறியள்?”

“ரயிலிலை. இன்னும் முக்கால் மணித்தியாலம் ஆகும்.”

“நேரம் போகுதெண்டு ஐயர் சொல்லுறார். இப்ப நூலிலை மஞ்சள் துண்டைக் கோத்துக் கட்டுவமாம். தாலியைப் பேந்து போடலாமாம்.”

அக்கா தொலைபேசியை வாங்கினார். “கூறை?”

“இப்ப உடுத்திருக்கிற சேலையோடைதான் அம்மா.”

“ஓம்,” என்றார் அக்கா. பெட்டியை மூடியிருந்த துணியின் ஓரத்தை மறுபடியும் மறுபடியும் உள்ளே செருகினார்.

மண்டபத்திலிருந்து என் மனைவி தொலைபேசியில் நேரடியாகப் படம் அனுப்பிக்கொண்டிருந்தாள். திரையில் முதுகுகள்தான் தெரிந்தன. பிறகு படம் உறைந்துபோய், சத்தம் மட்டும் வந்தது. ஐயரின் குரல், கெட்டிமேளம்.

மேளம் கேட்டதும் மச்சான் எழுந்து நின்றார். இருக்கைகளுக்கு நடுவே, வேட்டியும் குளிர்ச்சட்டையுமாக, கைகளைக் கூப்பியபடி. எதிரே புத்தகம் வாசித்துக்கொண்டிருந்த பெண், அவர் இறங்கப்போகிறார் என்று நினைத்துத் தன் கால்களை ஒதுக்கி வழிவிட்டாள்.