காற்று முதலில், மணி பிறகு

அன்று காலை ஊரில் வாடைக் காற்று திரும்பியிருந்தது. மாடியில் காயப்போட்டிருந்த சேலைகள் எல்லாம் தெற்கே பார்த்துப் படபடத்துக்கொண்டிருந்தன. அலுவலகத்துக்குக் கிளம்புகிற அவசரத்திலும் வழக்கம்போலக் கைபேசியில் நம் ஊரின் ‘கரைப்பக்கம்’ இணையதளத்தைத் திறந்தேன். வலது ஓரத்தில், முதல் பெட்டியில், ‘கொண்டல்’ என்றே இருந்தது. அது முந்திய நாள் அடித்த காற்று. அதைத் தினமும் மாற்றுகிற ஜெயராணி அசந்து தூங்கிவிட்டாள் போலிருக்கிறது, இன்று அவளை உண்டு இல்லை என்று பண்ணிவிட வேண்டியதுதான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

சற்று நேரத்தில் அவள் கணவர் கிரகோரி அண்ணன் கூப்பிட்டார். “காத்து மாறிட்டு, பாத்தியா கனி” என்றார். பார்த்தேன் என்றேன். பிறகு, “ஜெயராணி எந்திரிக்கல” என்றார்.

மஸ்கட்டிலும் மும்பையிலும் கப்பல்களிலும் இருந்து இந்தத் தளத்தைப் பார்க்கிற உங்களில் பலருக்கு அவள் முகம் தெரியாது. அவளும் நானும் துறைமுகத்துக்கு வெளியே ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் அடுத்தடுத்த மேஜையில் இருந்தோம். அவள் கடற்கரைத் தெருவில் பிறந்தவள். நான் நாசரேத் பக்கத்துத் தேரிக்காட்டுக்காரி. காற்று என்றால் எனக்குக் கண்ணில் செம்மண் விழுவதுதான். தளத்தில் செய்திகளை எழுதுவது நான், ஓரத்தைப் பார்த்துக்கொள்வது அவள். பக்கப்பட்டை என்றெல்லாம் அவள் வாயில் வராது. அது அவளுக்கு எப்போதும் ‘ஓரம்’தான்.

தளத்தை அமைத்துக் கொடுத்தவர் பெங்களூருக்கு வேலைக்குப் போகும்போது ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஓரத்தை மாற்ற நிரல் எதுவும் எழுதத் தேவையில்லை, விட்ஜெட் என்று வரிசையாக இருக்கும், வேண்டியதை மவுசால் இழுத்து ஓரத்தில் விட்டால் போதும் என்றார். நான் மவுசிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். ஜெயராணி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தாள். “யார்டுல பெட்டி எடுத்து பெட்டி வைக்கிற வேலதான கனி. இதுக்கா பயந்த?” என்றாள். துறைமுகத்தில் கன்டெய்னரைப் பெட்டி என்றுதான் சொல்வோம். அன்றிலிருந்து விட்ஜெட்டும் எங்களுக்குப் பெட்டியாகிவிட்டது.

முதல் வாரம் அவள் அடுக்கிய அழகை மறக்க முடியாது. ஒரே காலண்டர் மூன்று இடத்தில் இருந்தது. தேடும் பெட்டி எங்கே போனதென்று அதையே தேட வேண்டியதாயிற்று. தளத்தைக் கவனிக்கும் குழுவில் மஸ்கட்டிலிருந்து ஒரு சேவியர் அண்ணாச்சி உண்டு. மூன்று காலண்டர் எதற்கு என்று அவர் கேட்டார். செய்தது தவறு என்று ஒப்புக்கொள்ளும் வழக்கம் ஜெயராணிக்குக் கிடையாது. ஊரில் இருப்பவர்களுக்கு ஒன்று, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று, கப்பலில் தேதி மறந்தவர்களுக்கு ஒன்று என்று பதில் போட்டாள். கப்பல்காரர்கள் இருவர் நன்றி தெரிவித்து எழுதியிருந்தார்கள்.

வானிலைக்கென்று தயாராகவே ஒரு பெட்டி இருந்தது. வெப்பம் இவ்வளவு, காற்றின் வேகம் இவ்வளவு என்று தானாகவே காட்டும். பக்கத்தில் ஒரு மேகம் மழை பெய்துகொண்டே இருக்கும். நம் ஊர் மழையின் யோக்கியதை உங்களுக்குத் தெரியும். சில நாள் பொறுத்துப் பார்த்த ஜெயராணி அதைத் தூக்கிவிட்டு, வெறும் எழுத்து மட்டும் போடுகிற பெட்டி ஒன்றை இழுத்து அந்த இடத்தில் வைத்தாள். “காத்துக்கு நம்பர் எதுக்கு? பேரு இருக்குல்லா” என்றாள். அப்புறம் தினமும் காலையில் மொட்டை மாடியில் போய் நின்று அனல்மின் நிலையத்துப் புகையைப் பார்ப்பாள். புகை கடலுக்குப் போனால் கச்சான், ஊருக்குள் வந்தால் கொண்டல், தெற்கே சாய்ந்தால் வாடை, வடக்கே போனால் சோழகம். பெயரை எழுதி, கீழே ஒரு வரி சேர்ப்பாள். ‘கச்சான். உப்பளத்துத் தூசி பல்லில் நறநறக்கிறது.’ ‘கொண்டல். கருவாட்டு வாசம் மாதா கோயில் வரை வந்துவிட்டது.’ எங்கேயோ நடுக்கடலில் கண்விழித்த ஒருவர் இதை வாசித்துவிட்டுச் சிறிது நேரம் ஊரில் இருந்ததாக எழுதியிருந்தார். எனக்கும் அப்படித்தான். சில காலைகளில் அந்த வரியை வாசித்த பிறகுதான் நான் இந்த ஊரில் இருப்பதே எனக்கு உறைக்கும்.

அடுத்த பெட்டி மணி. நம் கரையில் யாராவது தவறினால் கோயிலில் துக்க மணி அடிக்கும். கேட்டவர்கள் நடப்பதை நிறுத்தி நெற்றியிலும் நெஞ்சிலும் குருசு போட்டுக்கொள்வார்கள். தூரத்தில் இருப்பவர்களுக்கு அது கேட்காது என்பதால் யாருக்கு அடித்தது என்று பெயர் போட ஒரு பெட்டி வைத்தாள். எந்த மதத்தவர் போனாலும் அதில் பெயர் வரும். எல்லோரும் முதலில் தேடுவது அதைத்தானே, மேலே வைக்கலாமே என்று குழுவில் கேட்டார்கள். ஜெயராணி அசையவில்லை.

“கதவத் தொறந்த ஒடனே எழவு சொல்லுவாகளா? மொதல்ல உள்ள வரட்டும். காத்து மொதல்ல, மணி பொறவு.”

இதில் அவளுக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்பது ஓரத்தின் கடைசிப் பெட்டியால்தான் எனக்குத் தெரிய வந்தது. எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று கொடிகளாகக் காட்டும் பெட்டி அது. தளம் திறக்க நேரமாகிறது, கப்பல் இணையத்துக்கு அது பாரம், எடுத்துவிடலாம் என்று சேவியர் அண்ணாச்சி சொன்னார். நியாயந்தான். ஜெயராணி அதை இழுத்து, செயல்படாத பெட்டிகளுக்கான இடத்தில் போட்டாள். அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. மறுநாளும் அப்படியே. நான் விடாமல் கேட்ட பிறகு சொன்னாள்.

அவள் தங்கை ரோஸ்லின் நார்வேயில் நர்ஸ். அம்மா இறந்த அன்று ஜெயராணிதான் போன் செய்திருக்கிறாள். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்காமல், எடுத்த எடுப்பில், ‘அம்மா போயிட்டா. இப்ப வரலன்னா இனி வராத’ என்று சொல்லிவிட்டாள். அங்கே பனி கொட்டி விமானமெல்லாம் நின்றுகிடந்த நேரம். ரோஸ்லினால் வர முடியவில்லை. சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு, எண்ணையும் மாற்றிக்கொண்டு, ஒரேயடியாக ஒதுங்கிவிட்டாள். ஆனால் கொடிப் பெட்டியில் சிவப்பில் நீலக் குருசு போட்ட நார்வே கொடி ஒன்று இருந்தது. நம் ஊர் ஆட்களில் அந்த நாட்டில் இருப்பது ரோஸ்லின் மட்டுந்தான். அந்தக் கொடிக்கு நேரே எண் கூடியிருந்தால் ஜெயராணிக்கு அன்றைய பொழுது விடிந்த மாதிரி. “வந்துட்டுப் போயிருக்கா” என்று எனக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குவாள். யாரைச் சொல்கிறாள் என்று தெரியாமலே நான் அத்தனை நாளும் தலையாட்டியிருக்கிறேன்.

காற்றுப் பெட்டியிலேயே ‘ரோஸ்லின், பேசு’ என்று ஒரு வரி போட வேண்டியதுதானே என்று கேட்டேன். கோபம் வந்துவிட்டது. “ஊர்ப் பெட்டில எங்க வீட்டுச் சண்டைய எழுதவா? காத்த எழுதுதேன், அவ வாசிக்கா. போதும் கனி” என்றாள். போதவில்லை என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. கொடிப் பெட்டியைத் திரும்பவும் ஓரத்தின் அடியில் வைக்கச் சொன்னேன். சேவியர் அண்ணாச்சி இன்றுவரை கவனிக்கவில்லை. இதை வாசித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார். மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி, அதை இனி எடுக்க முடியாது.

அவள் எழுந்திருக்காத அந்தக் காலை, நான் அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் கிரகோரி அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டார். ரோஸ்லினுக்குச் சொல்ல ஒரு வழியும் இல்லை என்றார். “ஓரத்துல போடு கனி. அவ அதப் பாப்பா” என்றார். ஜெயராணியின் மடிக்கணினி சமையலறை மேஜையில் இருந்தது. உள்ளே ஜெபம் நடந்துகொண்டிருந்தது. விட்ஜெட் பக்கத்தைத் திறந்து, மணிப் பெட்டியில் அவள் பெயரை எழுதினேன். எத்தனையோ பேருக்கு அவள் எழுதிய பெட்டியில் அவளுக்கு நான் எழுதினேன். சேமிக்கப் போகும்போது மேலே இருந்த பெட்டி கண்ணில் பட்டது. ‘கொண்டல். ஜன்னல் கம்பியெல்லாம் பிசுபிசுப்பு.’

கிரகோரி அண்ணன் காலையில் ஏன் காற்றில் தொடங்கினார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எழுந்து மாடிக்குப் போனேன். அவள் தினமும் நிற்கிற இடத்தில் நின்று பார்த்தேன். ஊர் முழுக்க ஒரு மெல்லிய வெளிச்சத்தில் மிதந்துகொண்டிருந்தது. புகை சத்தமில்லாமல் தெற்கே சாய்ந்து போனது. கடலும் வானமும் எங்கே பிரிகின்றன என்று தெரியவில்லை. அவள் பக்கத்தில் நின்று, சரியாகப் பார், அவசரப்படாதே என்று சொல்வது போலவே இருந்தது. அங்கேயே நின்றுவிடலாம் என்றுகூடத் தோன்றியது. கீழே மணி அடிக்கத் தொடங்கியதும்தான் இறங்கினேன்.

அவள் வரியை அழிக்க மனம் வரவில்லை. அந்தப் பெட்டியை அப்படியே செயல்படாத பெட்டிகளோடு இழுத்து வைத்தேன். அங்கே போட்டால் எழுதியது அழியாது என்று அவள்தான் சொல்லியிருந்தாள். புதிய பெட்டி ஒன்றை எடுத்து ஓரத்தின் மேலே வைத்து எழுதினேன். ‘வாடை. இன்றுதான் திரும்பியது. மாடியில் நின்றால் காது குளிர்கிறது.’ அதற்குக் கீழே மணி. இரண்டையும் சேர்த்துச் சேமித்தேன்.

அடக்கம் முடிந்து வந்த பிறகு தளத்தைத் திறந்தேன். நார்வே கொடிக்கு எண் கூடியிருந்தது. பின்னூட்டங்கள் காட்டுகிற பெட்டியில், ரோஸ்லின் என்ற பெயரில், ஒரே ஒரு வரி இருந்தது.

“இங்கனயும் வாடைதான் அக்கா.”

அதைக் கிரகோரி அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

ஜெயராணியின் படத்தை ஓரத்தில் எல்லாவற்றுக்கும் மேலே வைக்க வேண்டும் என்று குழுவில் எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். அவளிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று, அந்த வரிசை. அதை யார் சொன்னாலும் மாற்ற மாட்டேன். இதை வாசிக்கிற நீங்கள் வலப்பக்கம் பாருங்கள். அவள் படம் இரண்டாவதாக, மணிப் பெட்டியில் இருக்கிறது. மேலே இன்றைய காற்று.